தனி ஆவர்த்தனமும் வாசோபிரசினும்: தேனாம்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

பாடகர் பிரதான ராகத்தைப் பாடி, நிரவல், கல்பனை ஸ்வரம் எல்லாம் கடந்து கரையேறி, தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கும்படி மிருதங்க வித்வானைப் பார்த்து லேசாகத் தலையசைக்கிறார். வித்வான் இடந்தலையில் ஒட்டிய ரவையை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறார். அதே நொடியில் அரங்கெங்கும் இருக்கைகள் படபடவென்று மடியும் ஓசை கேட்கிறது. "மாமி, காலைக் கொஞ்சம் நகர்த்திக்கோங்கோ, இதோ வந்துடறேன்." மாமி நகர்த்துவதில்லை. அவரும் எழுந்துவிட்டார்.

இந்நிகழ்வுக்குக் கற்றோரிடையே இரு விளக்கங்கள் உண்டு. இது லய வித்வான்களுக்குச் செய்யும் அவமரியாதை என்பது முதலாவது. சுண்டு விரலை நீட்டிக் காட்டி, "உடம்பு கேக்க வேண்டாமா?" என்பது எழுந்து போவோர் தரப்பு. முதலாவது அறம் சார்ந்தது, அதில் ஆய்வாளனுக்கு வேலையில்லை. இரண்டாவது உடலியல் சார்ந்தது, சோதித்துப் பார்க்கத்தக்கது. டிசம்பரில் 'சென்னையில் திருவையாறு' நடக்கும் தேனாம்பேட்டை காமராஜர் அரங்கம் இதற்குத் தோதான களம். உள்ளே சங்கீதம், வெளியே உணவுத் திருவிழா, கூப்பிடு தூரத்தில் மருத்துவத் துறையின் டி.எம்.எஸ். வளாகம். இசை, வயிறு, மருத்துவம் மூன்றும் ஒரே சாலையில் அமைவது அரிது.

குற்றம் சாட்டப்பட்ட பொருளை முதலில் பார்ப்போம். ஏ.டி.எச். எனப்படும் வாசோபிரசின், ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சின்னஞ்சிறு ஹார்மோன். மூளையின் ஹைபோதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் காத்திருக்கும். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் வெளியே போவது ஒன்றரை லிட்டர் சொச்சம். மிச்சத்தில் பெரும்பங்கை உடல் தானாகவே திரும்ப வாங்கிக்கொள்கிறது. கடைசிப் பங்கை எவ்வளவு வாங்குவது என்பதைத்தான் இந்த ஹார்மோன் தீர்மானிக்கிறது. இது வந்து சொன்னால், சேகரிப்புக் குழாய்களின் செல்சவ்வில் அக்வாபோரின்-2 என்ற நீர்த்துளைகள் வந்து பொருந்தி, தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. (அக்வாபோரின்களைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) ஹார்மோன் அறவே இல்லாவிட்டால் ஒரு நாளில் 15, 20 லிட்டர்கூடப் போகலாம். அப்படி ஓர் ஆசாமிக்கு வர்ணத்தையே முழுதாகக் கேட்க வாய்க்காது.

ஹார்மோனுக்கு உத்தரவு தருவது ரத்தத்தின் செறிவு. நாயின் கழுத்து ரத்தக் குழாயில் உப்புக் கரைசலைச் செலுத்தி, மூளையில் இதை உணரும் இடம் இருக்கிறது என்று காட்டிய கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வெர்னி, 1947இல் அதை விரிவாக எழுதினார். செறிவில் ஒரு சதவீத மாற்றமே அதற்குப் போதும். இனி தேனாம்பேட்டைக் கணக்கு. அறுபது கிலோ ரசிகரின் உடலில் சுமார் 36 லிட்டர் நீர். அதில் ஒரு சதவீதம் 360 மில்லி. ஒரு டம்ளர் ஃபில்டர் காபி இந்த எல்லைக்கு அருகில்கூட வராது. அதிலுள்ள காஃபீன் சிறுநீரகத்தைக் கொஞ்சம் சீண்டும், உண்மைதான். தினமும் குடித்துப் பழகிய உடம்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம்மவர்கள் பழகாதவர்களா?

போண்டா, சாம்பார், கெட்டிச் சட்னி என்று ஒரு கட்டுக் கட்டிவிட்டு வந்தவர் நிலை இன்னும் மோசம். உப்பு ரத்தத்தில் ஏறினால் ஹார்மோன் கூடும், சிறுநீர் சுருங்கும், தாகம்தான் எடுக்கும். ஆக, கேண்டீனிலிருந்து நேரே வந்தவர் சுண்டு விரல் நீட்ட உடலியல் இடங்கொடுக்கவில்லை.

ஏர் கண்டிஷன் குளிரைக் காரணம் காட்டுவோர் உண்டு. குளிரில் தோலின் ரத்த நாளங்கள் சுருங்கி, ரத்தம் நடுவுடலுக்குத் திரும்ப, இதயத்தருகே உள்ள உணர்விகள் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி ஹார்மோனைக் குறைக்கச் சொல்லும். வாதம் சரியே. ஆனால் சால்வை போர்த்தியவர்களும் எழுந்து போகிறார்கள்.

எஞ்சுவது, வரும் வழியில் அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர். இவருக்கு ஹார்மோன் மெய்யாகவே இறங்கும். சிறுநீர் நிமிடத்துக்குப் பத்து மில்லிகூட வரலாம்; சாதாரணமாக அது ஒரு மில்லிதான். ஆனால் வேகம் உச்சத்தைத் தொடுவது குடித்து ஒரு மணி நேரம் போல. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) வகுத்துத் தந்த கச்சேரிப் பந்ததியில், அப்போது பாடகர் தோடி ஆலாபனையின் நடுவில் இருப்பார். ஒருவரும் அசைவதில்லை. முதல் உந்துதல் 150, 200 மில்லியில் தோன்றினாலும், 400, 500 மில்லி வரை பை தாங்கும் என்பதால் அடக்கிக்கொள்கிறார்கள். தோடிக்கு அடங்கிய பை மிஸ்ர சாபுவுக்கு அடங்காததற்குப் பிட்யூட்டரியைக் குறை சொல்லி என்ன பயன்? வரவேண்டியது சிறுநீரகத்தின் வேலை, எங்கே எழுவது என்பது ரசனையின் வேலை.

மேடையைப் பாருங்கள். உடலுழைப்பு இந்த ஹார்மோனைக் கூட்டும். மனக்கிளர்ச்சி சிறுநீரைக் குறைக்கும் என்பதையும் வெர்னி தம் நாய்களிடமே கண்டார். வியர்க்க விறுவிறுக்க வாசிப்பவர் இரண்டரை மணி நேரம் சம்மணம் கலையாமல் உட்கார்ந்திருக்க உடலே ஒத்தாசை செய்கிறது. வாசிப்பவருக்கு ஏறுகிற ஹார்மோன், உட்கார்ந்து கேட்பவருக்கு ஏறவில்லை என்பதை மட்டும் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் பதிவு செய்கிறேன்.

விலக்குக்குரியோர் உண்டு. வயதானால் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறையும். கட்டுப்படாத சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், ஹார்மோன் என்ன சொன்னாலும் சரி. பிராஸ்டேட் வீங்கியவர் பாவம், அவருக்குப் பல்லவியும் ஒன்றுதான், துக்கடாவும் ஒன்றுதான். இவர்களை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது, ஓரத்து இருக்கை தரவேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோரையும் சேர்த்திருப்பேன். அதைப் பெரும்பாலும் காலையில்தான் போடச் சொல்கிறார்கள்.

ஒப்பீட்டுக்குச் சித்திரை மாதக் கச்சேரிகளையும் ஆராய எண்ணினேன். அண்ணா சாலை வெயிலில் வியர்த்து வருபவருக்கு ஹார்மோன் உச்சத்தில் இருக்கும், ஒருவரும் எழக்கூடாது. அப்போது எழுவதற்கும் ஆளில்லை, உட்காருவதற்கும் ஆளில்லை.

ஆதாரம் கேட்பார்கள். வாசோபிரசினை ரத்தத்தில் அளப்பது சுலபமல்ல. சில நிமிடங்களில் பாதி கரைந்துவிடும் சரக்கு அது. அதனால் அதனோடு கூடவே வெளிவரும் கோபெப்டின் என்ற துணுக்கை அளக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மோரா, கோர்வை முடிந்து கைதட்டல் எழுந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருகிறவரின் கையைப் பார்த்தால் போதும், ஈரமா எண்ணெயா என்று.