ஆதாரம்: மேலது

வங்கிக் கடனுக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிப் பிழைக்கிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: ரிப்போர்ட்டின் மானம் அடிக்குறிப்பில் இருக்கிறது. பக்கத்தின் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே எட்டு பாயின்ட் எழுத்தில் நாலு வரி. அதைப் பார்த்ததும் படிக்கிறவர் கை தானாகப் பக்கத்தைப் புரட்டிவிடும். அதற்காகத்தான் போடுகிறோம்.

வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் முளைக்கும். அது முற்றுப்புள்ளிக்கு முன்னால் வர வேண்டுமா, பின்னாலா? 1906 முதல் பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கும், எழுத்து நடைக்கான சிகாகோ கையேடு பின்னால் என்கிறது. நீங்கள் பாதி இடத்தில் முன்னாலும் பாதி இடத்தில் பின்னாலும் போடுங்கள். பல பேர் சேர்ந்து உழைத்த ரிப்போர்ட் என்று தோன்றும்.

அடுத்தது ஆசிரியர் பெயர். மேற்கோள் படிவம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். நம்மிடம் ஏது? கதிரேசன் மகன் முருகன், பாஸ்போர்ட்டில் முருகன் கதிரேசன் என்றிருப்பார். கொப்பரையின் ஈரப்பதம் பற்றி அவர் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினால், அடிக்குறிப்பில் “கதிரேசன்” என்று மட்டும் வரும். வயலையும் வரப்பையும் தவிர வேறொன்றும் பார்க்காத அப்பா ஆய்வாளராகிவிடுவார். திருத்தப் போகாதீர்கள். பிள்ளை அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான் என்று விட்டுவிடுங்கள்.

மக்கள்தொகை என்று எங்கே வந்தாலும் 2011 கணக்கெடுப்புதான். 2021-இல் எடுத்திருக்க வேண்டியது தள்ளிப்போனதால், நம் தொழிலில் எல்லோரும் சாய்ந்துகொள்கிற சுவர் அது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த பையன் இன்றைக்கு மில் வைக்கக் கடன் கேட்டு உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பான். அடிக்குறிப்பு அதையெல்லாம் கண்டுகொள்ளாது. 2011-க்கும் இன்றைக்கும் நடுவே உள்ள பள்ளத்தை “எங்கள் மதிப்பீடு” என்று எழுதி மூடுங்கள். ஆதாரங்களிலேயே உயர்ந்தது இதுதான், யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது. ஒரு ரிப்போர்ட்டுக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம்.

இணைய முகவரியை முழுசாக ஒட்டுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஓடுவது பல நேரம் யார் எங்கிருந்து வந்தார் என்று தடம் பார்க்கிற வால்தான். வெட்டினாலும் பக்கம் திறக்கும். ஆனால் வெட்டினால் கனம் போய்விடுமே! கூடவே பார்த்த தேதியைப் போட்டுவிடுங்கள். பக்கம் காணாமல் போனாலும், நான் பார்த்தபோது இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பவர்பாயின்ட்டில் அடிக்குறிப்புக்கென்று தனி வசதியே கிடையாது. கவலை வேண்டாம், புரொஜெக்டரில் எப்படியும் தெரியாது.

ரொம்பச் சந்தேகமான ஆதாரம் என்றால் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். கிப்பனின் ரோம வரலாறு 1776-இல் முதல் தொகுதி வந்தபோது குறிப்புகள் கடைசியில்தான் கிடந்தன. இதென்ன தொல்லை, அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே போடக் கூடாதா என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் பதிப்பாளருக்கு எழுதினார். நம்மூர் வங்கிகளில் ஹியூம்கள் கிடையாது என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக “ஐபிட்”. லத்தீன், நம் ஆய்வேடுகளில் “மேலது” என்று வருவது இதுதான். முந்தைய குறிப்பில் சொன்ன அதே ஆதாரம் என்று பொருள். ஒரே சொல்லில் வேலை முடிகிறது, படித்தவன் என்ற பேரும் கிடைக்கிறது. ஆனால் சிகாகோ கையேட்டின் 2017 பதிப்பு இதைத் தவிர்த்துவிட்டு ஆசிரியர் பெயரைச் சுருக்கமாகத் திரும்ப எழுதச் சொல்கிறது. ஏன் என்று எனக்குக் காங்கேயத்தில் புரிந்தது.

தேங்காய் எண்ணெய் மில்லுக்கு டேர்ம் லோன். ஒரு குறிப்பில் ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கை. அடுத்த வரியில் பணவீக்க இலக்கு 4 சதவீதம், அதற்கு ஐபிட். ராத்திரி பதினோரு மணிக்கு ஆடிட்டர், “ஷெட் செலவ முன்னால கொண்டாங்க தம்பி” என்றார். ஒரு பத்தியை வெட்டி நடுவில் ஒட்டினேன். எண்களை வேர்ட் தானே மாற்றிக்கொண்டது. ஐபிட் அசையாமல் நின்றது. இப்போது அதற்கு மேல் இருந்தது, கூரைக்கு ஷீட் போடுகிறவர் கொடுத்த கொட்டேஷன்: பெயர், தேதி, செல்போன் எண்.

வங்கி மேனேஜர் ரிப்போர்ட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். விரல் கோட்டுக்குக் கீழே இருந்தது.

“ஏனுங்க, நாட்டோட பணவீக்கம் 4 சதவீதத்துல இருக்கோணும்னு இந்த ஷெட்காரருங்களா முடிவு பண்ணுனாரு?”

வெட்டி ஒட்டிய கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மற்ற அடிக்குறிப்புகளை, எங்கள் மதிப்பீடு மூன்றையும் சேர்த்து, ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார். திரும்பவும் அதே பக்கத்துக்கு வந்தார்.

“மாத்தாதீங்க, இருக்கட்டும். இத்தன பேருல இவருக்குத்தான் போன் நம்பர் இருக்குது. கூப்புட்டுக் கேட்டுக்கலாம்.”