கொஞ்சுங்கள் பாட்டி!

கேள்வி: பத்து மாதப் பேரனைக் கொஞ்சிக்கொண்டே இருந்தால், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்கிறார்களே?
– ஒரு பாட்டி, சிதம்பரம்

பதில்: தாராளமாகக் கொஞ்சுங்கள், ஆராய்ச்சிக்காரர்கள் உங்கள் கட்சி! கடலூர் பிரசவ வார்டில் ஒரு பிள்ளை அழுதால் பக்கத்துப் பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். பிறந்து சில நாளே ஆன குழந்தைகளிடம் ஆராய்ச்சியாளர் சிம்னர் இதை 1971-லேயே சோதித்துக் காட்டினார். ஒன்றரை, இரண்டு வயதில் அதே பிள்ளை, அழுகிற அண்ணனிடம் தன் பொம்மையை நீட்டும். நடுவே நடப்பது உங்கள் கைங்கரியம்: அவன் சிரித்தால் சிரிப்பது, சிணுங்கினால் 'என்னடா கண்ணா' என்பது.

அந்தப் பதில் கிடைக்காவிட்டால்? 1970-களில் உளவியலாளர் டிரோனிக், தாயைச் சில நிமிடம் சலனமற்ற முகத்தோடு உட்காரவைத்தார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்போனே கதியென்று இருக்கும் அப்பாக்களும் கவனிக்கட்டும்!

காப்பகங்களுக்கும் இது பொருந்தும். 2004 சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரில் அரசு காப்பகம் திறந்தது. கூரையும் சோறும் அவசியம்தான்; கைக்குழந்தைக்கோ தனக்கென்று ஒரு முகமும் வேண்டும். ருமேனியாவில் நடந்த ஆய்வில், காப்பகக் குழந்தைகளில் இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களே பாசப் பிணைப்பில் நன்றாகத் தேறினார்கள்.

சாயங்காலம் பேரனைக் கீழவீதிக்குத் தூக்கிப் போங்கள். பூக்காரம்மாவிடமும் கொஞ்சம் பேசட்டும்!