கிம் கிம் ஆற்றங்கரையில் ஒரு கருத்துக்கணிப்பு

ஜோகூரின் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் இப்போது இளையவர்களுக்கு ஏக மரியாதை. "தம்பி, தங்கச்சி, நிறுவனத்தின் பசுமை இலக்குக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று நிர்வாகம் குழைந்து கேட்கிறது. 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டால் போதும். நாசி லெமாக் பொட்டலமும் ஒரு துணிப்பையும் இலவசம். சம்பளத்தைப் பற்றிச் சொல்லத்தான் கட்டம் இல்லை. நிலைத்தன்மை என்றால் அதைவிட வேறு எது? வருடக்கணக்காக அசையாமல் நிற்கிறதே!

இந்தத் தம்பி தங்கச்சிகள் யார் என்று கேட்பவர்களுக்கு நினைவிருக்கிறதா? 2019 மார்ச் 7 வாக்கில் டாங்கி லோரி ஒன்று கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது. முதலில் சுருண்டு விழுந்தவர்கள் பாசிர் பூத்தே பள்ளிப் பிள்ளைகள். 2,700-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு ஓடினார்கள். மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப்பள்ளி என்று பேதமில்லாமல் 111 பள்ளிகளுக்குப் பூட்டு. ஜூனில் மறுபடி மூச்சுத்திணறல், மறுபடி விடுமுறை. அன்று சீருடையில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு இன்று வேலைக்குப் போகும் வயது. அன்றைக்கு நச்சுக்காற்றைக் கண்டுபிடித்த கருவி அவர்கள் மூக்குதான். அதற்கு மின்சாரமும் வேண்டியிருக்கவில்லை, மாதச் சந்தாவும் வேண்டியிருக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவோடு எனக்குப் பகை இல்லை. கொதிகலனில் எரிவாயு எங்கே வீணாகிறது, எந்தப் பம்பு பழுதாகப் போகிறது என்று முன்கூட்டியே சொன்னால் நல்லதுதான். அபாயக் கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று பதியச் சுற்றுச்சூழல் துறையிடமும் மின்னணு முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஆற்றுக்குப் போகிற லோரி, போகிற இடத்தைப் பதிந்துவிட்டா போகிறது? முறையாக அழிக்கக் காசு அதிகம் என்று, "எங்கேயாவது கொட்டிட்டு வா" என்று நடுராத்திரியில் வருகிற ஒரு போன் அழைப்பு எந்தக் கணினிக்குள்ளும் ஏறாது. ஏறாததை எந்த நுண்ணறிவும் அறியாது.

ஏறுவது அறிக்கை மட்டும்தான். கூட்ட அறையைக் கற்பனை செய்து பாருங்கள். கடைநிலை அதிகாரி ஒருவன் "சிம்னியில் கறுப்புப் புகை" என்று தட்டுகிறான். மென்பொருள் அதை "உமிழ்வு மேம்பாட்டு வாய்ப்பு" என்று திருப்பித் தருகிறது. மேலாளர் கைதட்டுகிறார். ஜன்னலுக்கு வெளியே புகை அப்படியே இருக்கிறது. உலகப் பட்டத் திருவிழா நடத்துகிற ஊர் இது. காற்றில் பட்டம் விடலாம், அந்தக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால்தான் எல்லார் வாயும் அடைத்துக்கொள்ளும்.

மென்பொருள் செய்யும் இந்தத் திருத்தல் வேலையும் சும்மா நடப்பதில்லை, அதற்குத் தரவு மையம் வேண்டும். குலாயிலும் செடெனாக்கிலும் எழும்பியிருக்கிற தரவு மையங்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் குடிக்கின்றன. தீபகற்பத்து மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து வருவது. ஜோகூர் அரசே 2024-இல் தரவு மைய விண்ணப்பங்களை வடிகட்டக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. ஒரு புகையை அறிக்கையில் மறைக்க இன்னொரு இடத்தில் புகை. இதற்குப் பெயர் பசுமையாம்!

சட்டம் தூங்கவில்லை என்பார்கள். 2019-இல் அபாயக் கழிவைக் கொட்டும் குற்றத்துக்கு அபராத உச்சவரம்பு 5 லட்சம் வெள்ளி. பெரிய முதலாளிக்கு அது சில்லறை. 2024-இல் திருத்தம் வந்து 1 கோடி வெள்ளி வரை போகலாம் என்றானது. பிள்ளைகள் வாந்தி எடுத்து ஐந்து வருடம் கழித்து.

தம்பிகளே, தங்கச்சிகளே, நாசி லெமாக்கைச் சாப்பிடுங்கள், தப்பில்லை. மதிப்பெண் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே கருத்துப் பெட்டியில் இதை எழுதுங்கள்: நேற்று ராத்திரி நம் வாசலைத் தாண்டிய டாங்கி லோரியின் எண் என்ன, அது எங்கே போனது, கையெழுத்துப் போட்டவர் யார்? பதில் வராவிட்டால் அதே கேள்வியைச் சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்புங்கள்.