சாம்பல்நிற அட்டை வழங்கும் அதிகாரிக்கு ஒரு பகிரங்கக் கடிதம்

அனுப்புநர்: மின்நூல் வாசகர்கள், வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ, ரொறன்ரோ.

பெறுநர்: அட்டை ஒதுக்கீட்டு அதிகாரி அவர்கள், வாசிப்புக் கருவியின் உட்புறம்.

பொருள்: மின்நூல் கோப்பில் அட்டைப்படம் சேர்த்தல் – முறையும் முட்டுக்கட்டையும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

மின்நூலின் அட்டை என்பது கோப்புக்குள் இருக்கும் ஒரு படமும், அந்தப் படமே அட்டை என்று கருவிக்குத் தெரிவிக்கும் ஒரு வரி அறிவிப்பும் சேர்ந்தது. இரண்டில் ஒன்று விடுபட்டாலும் நூல் அதிகாரி அவர்களின் மேசைக்கு வந்துவிடுகிறது. அங்கே அதற்கு ஒரு சாம்பல்நிறச் செவ்வகம் வழங்கப்படுகிறது. நடுவில் தலைப்பு, இடம் போதாவிட்டால் தலைப்பில் பாதி. புறநானூறும் சோதிடப் பலனும் சிறுவர் கதையும் ஒரே சீருடையில் வரிசையாக நிற்கின்றன. தமிழ்ப் பதிப்புலகம் இதுவரை கண்டிராத சமத்துவம் இது என்பதை வாசகர்கள் நன்றியுடன் ஒப்புக்கொள்கிறார்கள். எந்த நூலை எங்கே தேடுவது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

லாரன்ஸ் அவென்யூவில் வார்டன் அவென்யூவிலிருந்து பெர்ச்மவுண்ட் வரையுள்ள கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கெல்லாம் ஒரே இரவில் சாம்பல்நிறம் பூசினால், மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனவர் பல் வைத்தியரின் கதவைத் தட்டுவார். அட்டைப்படம் அலங்காரமல்ல, அடையாளம். அச்சுநூல் உலகம் இதை எப்போதோ உணர்ந்துவிட்டது. ஓவியர் ஆதிமூலம் க்ரியா வெளியீடுகளுக்கு வரைந்த அட்டைகளையும் எழுத்துருவங்களையும் கண்டவர்கள், தலைப்பைப் படிக்கும் முன்பே நூலை அடையாளம் கண்டார்கள்.

அட்டை குடியிருக்கும் கோப்பின் அமைப்பு எளியது. ஈபப் என்ற மின்நூல் வடிவம் பெயர் மாற்றிக்கொண்ட ஜிப் பொதிதான். அதற்குள் நூலின் பக்கங்களும் படங்களும், இவற்றையெல்லாம் பட்டியலிடும் ஓபிஎஃப் என்ற கோப்பும் இருக்கும். 2007இல் வந்த ஈபப் 2 முறையில், ஓபிஎஃப்பின் விவரப் பகுதியில் ‘கவர்’ என்ற பெயரில் ஒரு வரி எழுதி, பட்டியலில் படத்துக்குக் கொடுத்துள்ள அடையாளக் குறியை அதில் குறிப்பிட வேண்டும். 2011இல் வந்த ஈபப் 3 முறையில், பட்டியலிலேயே அந்தப் படத்துக்கு ‘கவர்-இமேஜ்’ என்ற பண்பைச் சேர்த்தால் போதும். இரண்டையும் எழுதிவைத்தால் பழைய கருவியும் புதிய கருவியும் அட்டையைக் கண்டுகொள்ளும். ஒரு நூலில் ஒரு படத்துக்கு மேல் அந்தப் பண்பைத் தரக்கூடாது என்பது தரவிதி. ஒன்றாவது இருந்தே தீர வேண்டும் என்று அந்த விதி வற்புறுத்தவில்லை. அதிகாரி அவர்களின் பதவி நிலைத்திருப்பது இந்தச் சந்துக்குள்தான்.

பிழைகள் வழக்கமாக நான்கு இடங்களில் நேர்கின்றன. முதலாவது, அடையாளக் குறி வரவேண்டிய இடத்தில் படத்தின் கோப்புப் பெயரை எழுதிவிடுவது. இரண்டாவது, படத்தை முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு அறிவிப்பை மறந்துவிடுவது. நூலைத் திறந்தால் அட்டை பளிச்சென்று தெரியும், நூலடுக்கில் சாம்பல்தான். மூன்றாவது பிழையில் வாசகர் பங்கு ஏதுமில்லை. ஒரு வரியிலுள்ள பண்புகள் எந்த வரிசையிலும் வரலாம் என்கிறது எக்ஸ்எம்எல் இலக்கணம். சில பழைய கருவிகளோ, பெயர் முன்னாலும் குறி பின்னாலும் வந்தால்தான் அந்த வரியைப் படித்தன. விண்ணப்பத்தில் தகப்பன் பெயரை முதலில் எழுதியதற்காக மனுவைத் திருப்பி அனுப்பும் மரபு மின்னணு உலகிலும் தழைக்கிறது. நான்காவது, பொதியைப் பிரித்துத் திருத்திவிட்டு சாதாரண ஜிப்பாக மீண்டும் கட்டுவது. ‘மைம்டைப்’ என்ற சிறு கோப்பு பொதியின் முதலிலும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். அது இடம் மாறினால் அட்டையோடு நூலையே ஏற்க மறுக்கும் கருவியும் உண்டு.

தமிழ் நூலுக்குச் சாம்பல்நிற அட்டை கூடுதல் தண்டனை. படமாக அமைந்த அட்டையில் தலைப்பு வரையப்பட்டிருக்கிறது. அதை எந்தக் கருவியாலும் குலைக்க முடியாது. செவ்வகத்திலோ கருவியே தலைப்பை எழுத்தெழுத்தாகக் கோக்க வேண்டும். யூனிகோடில் ‘செ’ என்பது முதலில் ‘ச’ ஆகவும் பிறகு ஒற்றைக் கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் நகர்த்துவது கருவியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு அறியாத கருவியில் ‘செல்வன்’ கொம்பை வால்போல் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார். பழைய பாமினி எழுத்துருவில் தலைப்பிட்ட கோப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ‘அம்மா’ என்ற தலைப்பு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று காட்சி தரும். எந்தப் பிள்ளையும் தாயை அப்படி அழைத்ததில்லை.

படத்தின் அளவிலும் கவனம் வேண்டும். ஆறு அங்குலத் திரை பலவற்றில் 1072 × 1448 புள்ளிகள் இருக்கும்; உயரம் அகலத்தைப்போல் ஏறத்தாழ 1.35 மடங்கு. தமிழ் நூல்களில் பெருவழக்கான டெமி அளவு அதைவிட ஒல்லியானது, ஆகவே பக்கவாட்டில் வெற்றுப் பட்டைகள் விழும். அவற்றை நிரப்பப் படத்தை இழுத்து நீட்டினால் அட்டையிலுள்ள நாயகி பருத்துவிடுவார்; பட்டைகளோடு விடுவதே மரியாதை. கறுப்பு வெள்ளை மின்மைத் திரை பதினாறு சாம்பல் படிகளையே காட்டும். பச்சைப் பின்னணியில் சிவப்பில் எழுதிய தலைப்பு அதில் மாயமாகிவிடும். கோபோ 2024இல் வெளியிட்ட வண்ணத் திரைக் கருவிகளிலும் வண்ணத்தின் கூர்மை கறுப்பு எழுத்தின் கூர்மையில் பாதிதான். வெளிச்ச வேறுபாடு மிகுந்த, எளிய அமைப்புள்ள அட்டையே எல்லாத் திரைக்கும் ஏற்றது.

படத்தை எங்கிருந்து எடுப்பது என்பது சட்டக் கேள்வி. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களிலும் பொதுவானது எழுத்தாளரின் எழுத்து மட்டுமே. அட்டையை வரைந்தவரின் உரிமை அதோடு சேர்ந்து போய்விடாது. இந்தியாவில் அந்த உரிமை ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. கனடாவில் 50 ஆண்டாக இருந்த காலம் 2022 டிசம்பர் 30 முதல் 70 ஆகிவிட்டது. ஆகவே பழைய அட்டையை வருடி எடுத்துத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்வது வேறு, கோப்போடு ஊருக்கெல்லாம் வழங்குவது வேறு. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் நூலுக்கு நூல் புது அட்டை வடிவமைத்துச் சேர்க்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியத்தைத் தட்டச்சிட்டுக் காத்தது. அந்த உழைப்பிலிருந்து வாசகர் தாமே கட்டிக்கொள்ளும் ஈபப் கோப்புகளில்தான் அட்டை பெரும்பாலும் விடுபடுகிறது.

பரிகாரமும் உண்டு. 2006இல் கோவித் கோயல் தொடங்கிய காலிபர் என்ற இலவச மென்பொருளில் நூலைச் சேர்த்து, விவரத் திருத்தப் பகுதியில் படத்தைத் தேர்ந்து சேமித்துக் கருவிக்கு அனுப்பினால் மேற்கண்ட நான்கு பிழைகளும் தவிர்க்கப்படும். ஏற்கெனவே கருவியில் உள்ள பழைய பிரதியை நீக்கிவிட்டுப் புதியதை அனுப்புவது நல்லது. அதிகாரி அவர்கள் சிறுபடங்களைத் தனி அறையில் பூட்டி வைத்துக்கொண்டு, கோப்பு மாறினாலும் பழைய படத்தையே நீட்டும் வழக்கமுடையவர். இணையத் தொடர்பு கிடைத்ததும், வாசகர் சேர்த்த அட்டையைத் தலைமையகத்தில் பதிவில்லை என்று சொல்லிப் பறிமுதல் செய்யும் கருவிகளும் உண்டு. அப்போது கருவியை மீண்டும் கணினியில் இணைத்து அட்டையைத் திரும்ப நிறுவ வேண்டியிருக்கிறது.

எனவே வாசகர்களின் கோரிக்கைகள் வருமாறு: அறிவிப்பு இல்லாத நூலில், முதல் பக்கத்தில் படம் இருந்தால் அதையே அட்டையாகக் கொள்ளவேண்டும். தமிழ்த் தலைப்பைக் கோக்கத் தெரியாத கருவி அதற்கு முன்வரக்கூடாது. வாசகர் வைத்த அட்டையை அவர் சொல்லாமல் அகற்றக்கூடாது. இக்கடிதத்தின் நகல் தமிழ் மின்நூல் வெளியிடும் அனைவருக்கும் அனுப்பப்படுகிறது. ஒரு நூலைத் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்க்க மாதக்கணக்காகும்போது, அட்டையை அறிவிக்கும் இரண்டு வரிகளைச் சேர்க்காமல் அதை வெளியிடுவதற்கு நியாயம் ஏதுமில்லை. அவர்கள் அந்த இரண்டு வரிகளை எழுதிவிட்டால், அதிகாரி அவர்கள் உரிய மரியாதைகளுடன் ஓய்வு பெறலாம்.

இங்ஙனம்,
வெக்ஸ்போர்ட் மின்நூல் வாசகர்கள்