ஓடிக் கெட்டதும் நின்று கெட்டதும்

எண்பதுகளில் ஜேர்மனிக்கு அகதியாக வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு உணவகச் சமையலறை வாய்த்தது. எனக்கு ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கராஜ். அங்கே அதிகம் வந்தவை போர்ஷ 911 எஸ்.சி. கார்கள்: 1978 முதல் 1983 வரை வந்த மாதிரி, பின்பக்கத்தில் 3 லீற்றர் எஞ்சின். அப்போது அவற்றுக்குப் புதுக் கார் என்ற மினுக்கமும் போய்விட்டது, பழைய கார் என்ற மரியாதையும் வந்து சேரவில்லை. மனிதருக்கு ஐம்பது வயது போல ஒரு பருவம்.

அந்த எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டியது பொஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரோனிக். 1973இல் வந்த அந்த அமைப்பில் கணினி கிடையாது; அழுத்தம்தான் அதன் மூளை. முன்பக்கத்து மின்பம்ப் பெற்றோலை ஏறக்குறைய 5 பார் அழுத்தத்தில் பின்னுக்கு அனுப்பும். எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தகட்டைத் தூக்கும். தகட்டின் நெம்புகோல், நாங்கள் மெங்கன்டைலர் என்று சொல்லும் பங்கீட்டுத் தலைக்குள் ஒரு தண்டை மேலே தள்ளும். தண்டு எழ எழ, ஆறு சிலிண்டருக்கும் உரிய ஆறு மெல்லிய பிளவுகள் திறந்து பெற்றோலை விடும்.

தண்டு நினைத்தபடி எழ முடியாது. அதன் தலைமேல் இன்னொரு பெற்றோல் அழுத்தம் குந்தியிருக்கும். அது குறைந்தால் தண்டு இலகுவாக எழும், பெற்றோல் கூடும். அது ஏறினால் தண்டு அடங்கும், பெற்றோல் குறையும். இதை ஆள்வது உள்ளங்கை அளவான வார்ம்லவுஃப்ரெக்லர், சுருக்கமாக ரெக்லர். அதற்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டி, குளிரில் இந்த அழுத்தத்தை 1.5 பார் அளவில் வைத்திருக்கும். மின்சாரம் அதைச் சூடாக்கச் சூடாக்க, 3.5 பார் பக்கமாக ஏறவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குத் தாராளம், சூடான எஞ்சினுக்குச் சிக்கனம். ஒரு தகரத் துண்டு செய்கிற இந்த நிர்வாகத்தை எந்த அமைச்சும் செய்து நான் கண்டதில்லை.

இன்னொன்று ஷ்பைஷர். உருளைக்குள் ஒரு சவ்வு, அதன் பின்னால் ஒரு சுருள்வில், அவ்வளவுதான். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாய்களில் அழுத்தம் போகாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அது கெட்டால், சூடான எஞ்சினுக்குப் பக்கத்துக் குழாய்களில் பெற்றோல் ஆவியாகிவிடும். காலையில் சமர்த்தாக ஸ்ராட் வந்த கார், பெற்றோல் அடித்துவிட்டுத் திரும்ப ஏறினால் மறுக்கும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் போர்ஷக்காரன் அல்லற்படுவதை ஆனந்தமாகப் பார்ப்பார்கள்.

அன்று இந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் ஓட்டினார்கள். பல் வைத்தியரும் காப்புறுதி முகவரும் உப்புப் போட்ட பனித் தெருவிலும் விரட்டினார்கள். ஓடி ஓடிப் பம்ப் தேய்ந்தது, ஷ்பைஷரின் சவ்வு கிழிந்தது. குளிர்காலையில் எஞ்சின் பின்னோக்கி ஒருமுறை வெடித்தால், மேலேயுள்ள பிளாஸ்ரிக் காற்றுப்பெட்டி பிளந்தது. அதற்கு மருந்தாக, பெட்டியில் ஓட்டை போட்டுச் சுருள்வில் மூடி ஒன்றை ஒட்டுவோம். வெடித்தால் மூடி திறந்து காற்றை விட்டுவிட்டுத் தானே மூடிக்கொள்ளும். பல ஆயிரம் மார்க் காருக்குக் காவல், ஒரு வில்லு மூடி.

வைத்தியத்துக்கு ஒரு அழுத்தமானி போதும். மெங்கன்டைலருக்கும் ரெக்லருக்கும் நடுவே அதைப் பூட்டினால் மூன்று கேள்விக்கும் பதில் வரும். மானியின் வால்வை மூடினால் பம்ப் தரும் அழுத்தம். திறந்தால் ரெக்லரின் அழுத்தம். எஞ்சினை நிறுத்தி இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால், மிச்ச அழுத்தம் 1 பாருக்கு மேல் நிற்கிறதா என்று. ஆனால் பொறுமை எவருக்கு இருந்தது? "இந்தக் குழாய்ச் சிக்கலைக் கழற்றி எறி, காபரேற்றர் போடு" என்றார்கள். கழற்றினோம். நல்ல ரெக்லர்கள்கூட இரும்பு வாளிக்குள் போயின.

1984இல் வந்த கரேரா 3.2இல் மோட்ரோனிக் கணினி ஏறியது. அதன் அழுத்த ரெகுலேற்றர் 2.5 பாரோடு திருப்திப்படும். உள்ளே சவ்வு கிழிந்தால், வெற்றிடக் குழாய் வழியாகப் பெற்றோலை எஞ்சின் குடித்துக் கறுப்புப் புகை கக்கும். குழாயைக் கழற்றி மணந்தாலே வருத்தம் பிடிபடும். 2008இல் 911க்கு நேரடி இன்ஜெக்ஷன் வந்ததோடு அழுத்தம் 100 பாரைத் தாண்டியது, மணந்து பார்க்கிற வித்தையும் ஓய்ந்தது.

அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு எஸ்.சி. ஒரு புனிதப் பொருள். அன்று காபரேற்றர் போட்ட அதே காருக்கு, அசல் கே-ஜெட்ரோனிக்கைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பூட்டச் சொல்கிறார்கள். வாளிக்குள் எறிந்த ரெக்லரைப் பிரித்துத் துப்புரவாக்கித் தருவதையே தொழிலாகச் செய்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள். 30 வயது தாண்டி அசலாக இருக்கும் காருக்கு அரசு எச் இலக்கத்தகடு கொடுத்து, வருட வரியை 191.73 யூரோவோடு முடித்துக்கொள்கிறது. அன்று வாகனப் பரிசோதகர் புகையை மணந்து முகம் சுளித்த எஞ்சின், சட்டப்படி இன்று பண்பாட்டுச் சொத்து. என் நிலையும் உயர்ந்துவிட்டது. அன்று என்னைக் கண்டதும் "மைஸ்டர் இல்லையா?" என்று கழுத்தை நீட்டித் தேடிய சாதியார், இன்று "இவர் அந்தக் காலத்து ஆள்" என்று அறிமுகம் செய்கிறார்கள்.

போன வசந்தத்தில் எங்கள் பெடியன் ஒருவன் வந்தான். இங்கே பிறந்தவன், மென்பொருள் வேலை. எஸ்.சி. வாங்கியிருக்கிறான்.

"அங்கிள், ஸ்ராட் வருதில்லை. லப்ரொப் கொண்டு வந்திருக்கிறன். எங்கே குத்துறது?"

"தம்பி, இதுக்குக் குத்துறதுக்கு இடமில்லை. எப்ப கடைசியா ஓடினது?"

"ஓடுறதா? நான் சரியான கவனம் அங்கிள். கராஜுக்கு ஹீற்றர் போட்டிருக்கு, மேல போர்வை, பற்றரிக்குச் சார்ஜர். போன கோடைக்குப் பிறகு வெளியில எடுக்கவே இல்லை."

அழுத்தமானியைப் பூட்டினேன். பம்பின் அழுத்தம் சரி. குளிர்ந்த எஞ்சினில் 1.5 காட்ட வேண்டிய முள், 3ஐத் தாண்டி நின்றது. தண்டை எழவிடாமல் அழுத்தினால் எஞ்சினுக்குப் பெற்றோல் எப்படிக் கிடைக்கும்? ரெக்லரைப் பிரித்தேன். உள்ளே துரு, மெல்லிய வலையில் பிசின். ஜேர்மனியில் 2011இல் வந்த ஈ10 பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் இருக்கலாம். எதனோல் ஈரத்தை இழுக்கும். பெற்றோல் அசையாமல் கிடந்தால் அந்த ஈரம் உலோகத்தைத் தின்னும். கார் தினமும் ஓடினால் புதுப் பெற்றோல் வந்து கழுவிக்கொண்டே போகும். அந்தக் காலத்துப் பல் வைத்தியர் பத்து வருடம் விரட்டி ஓட்டியும் கெடாத ரெக்லரை, தம்பியின் ஒரே குளிர்காலத்துப் பராமரிப்பு முடித்துவிட்டது.

இப்போது என்னிடம் வருகிறவை அநேகமாக இப்படி நின்று கெட்டவைதான். ஓடிக் கெட்ட காருக்கு ஒரு உறுப்பு மாற்றினால் தீரும். நின்று கெட்டதற்குப் பம்ப், ஷ்பைஷர், மெங்கன்டைலர், ரெக்லர் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே இப்படியொரு காரைப் போர்வைக்குள் வைத்துப் பூசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எதனோல் குறைந்த பெற்றோல் அடியுங்கள். மாதம் ஒருமுறையாவது எஞ்சின் எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். அழுத்தமானி எடுக்காமல் ஒரு உறுப்பையும் மாற்றாதீர்கள். ஓட்ட மனமில்லையென்றால், ஓட்டுகிறவனுக்கு விற்றுவிடுங்கள்.