பீங்கான்: ஒரு வேர்ச்சொல் விசாரணை

யாழ்ப்பாணத்தில் சோறு போட வந்தவர் "பீங்கானை இஞ்சால தாங்கோ" என்று கை நீட்டினால், மதுரையிலிருந்து போன விருந்தாளி ஒரு கணம் திகைப்பார். அவர் ஊரில் பீங்கான் என்றால் பிளம்பர் வந்து பதித்துவிட்டுப் போவது. அதில் உட்காருவார்கள்; உண்பதில்லை. ஒரே சொல் ஒரு கரையில் சாப்பாட்டின் தொடக்கத்திலும் மறுகரையில் அதன் முடிவிலும் போய் நிற்பது எப்படி?

முதல் எழுத்தை மட்டும் பிரித்து எடுத்துப் பொருள் சொல்லத் துடிப்பவர்களை இக்கட்டுரை மேற்கோள் காட்டாது.

பொருள் சீனத்துடையது, பெயர் பாரசீகத்துடையது. பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். மேற்கே அரபிக்குப் போனபோது, அந்த மொழியில் 'ப' ஒலி இல்லாததால் 'ஃபின்ஜான்' ஆகி, சின்னக் காப்பிக் கோப்பையாகச் சுருங்கியது. கிழக்கே வந்த கிளை தட்டையாகிவிட்டது: மலாயில் பிங்கான், சிங்களத்தில் பிங்கான, இரண்டுமே சாப்பாட்டுத் தட்டுதான். மலையாளிகளுக்குப் பிஞ்ஞாணம். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தோண்டியபோது சீனப் பீங்கான் சில்லுகள் நிறையக் கிடைத்தன. கடல் வணிகத்துக்கு அவை சான்று என்பார்கள் வரலாற்று அறிஞர்கள்; பாத்திரம் கழுவும்போது கை நழுவுவது புதிதல்ல என்பதற்கும் சான்றுதான்.

விசாரணையில் எதிர்பாராமல் சிக்கியது ஒரு கடிகாரம். ஈரானில் நிலத்தடிக் கால்வாய்த் தண்ணீரை உழவர்கள் முறைவைத்துப் பங்கிட, அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அது நிரம்பி மூழ்கும் நேரம் ஓர் அளவு. அந்தக் கிண்ணத்தின் பெயரும் பிங்கான். தமிழர்களோ நேரம் பார்க்க நாழிகை வட்டில் வைத்திருந்தார்கள். வட்டில் என்பது சோறுண்ணும் கலமும்கூட. ஆக, சாப்பிடும் ஏனத்தின் பெயரைத்தான் இரு மொழிகளும் கடிகாரத்துக்கும் வைத்திருக்கின்றன. இதிலிருந்து இவ்வாய்வு துணிந்து கூறுவது: வயிறுதான் மனிதனின் முதல் கடிகாரம், கிண்ணம் அதன் நகல்.

மறுப்போர் ஏதேனும் ஒரு கல்யாண மண்டபத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாழிகை 24 நிமிடம். அதற்குள் எழுந்திருக்காதவருக்கு வட்டில் தேவையில்லை. அடுத்த பந்திக்கு இடம்பிடித்து, நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு பின்னால் நிற்பவரே கணக்கு வைத்திருப்பார்.