பனிச்சுவருக்குப் போகும் வழி

நல்லூரில் ஐஸ் என்றால் கோயிலடிக் கடையில் கண்ணாடிக் கிண்ணத்தில் வருவது. உருகமுதல் சாப்பிட்டுவிட வேண்டும். அதில் உள்ள ஆபத்து அவ்வளவுதான்.

ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் அந்தக் கடையில் இருந்து வேறு ஐஸ் பற்றிச் சொன்னான். ஒன்ராறியோவின் வடக்கில், நிப்பிகன் பக்கம், மாரியில் அருவி உறைந்து சுவராய் நிற்குமாம். இரண்டு கையிலும் கோடரி, சப்பாத்தில் இரும்புப் பல். குத்திக் குத்தி ஏறுவார்களாம்.

"ஏறுறது சுகம் மாமா. அங்க போய்ச் சேருறதுதான் கரைச்சல். முழங்கால் பனியில நடக்கவேணும். சில இடத்தில காணிக்காரரிட்ட அனுமதி கேக்கவேணும். அவர் மாட்டன் எண்டா திரும்பி வாறதுதான்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"அப்ப காணிக்காரர் ஆரிட்டக் கேக்கிறவர்?"

அவனுக்கு விளங்கவில்லை. பாவம், அங்கேயே பிறந்த பிள்ளை.

இங்கே, யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்குச் சனம் யுத்தத்தால் 1990இல் இடம்பெயர்ந்தது. யுத்தம் 2009இல் முடிந்தது. 2013 ஏப்ரலில் அங்கே 6,381 ஏக்கரை இராணுவத்துக்குச் சுவீகரிக்க அரச அதிகாரிகள் அறிவித்தல் ஒட்டினார்கள். உரித்தாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். ஒட்டியது மரத்தில். உரித்தாளர் இருந்தது சில மைல் தள்ளி, முகாமில். சோற்றுப் பருக்கை தேடும் காகத்தை அனுப்பியிருந்தாலும் கண்டுபிடித்திருக்கும்.

2025 மார்ச் 28இல் இன்னொரு அறிவித்தல், வர்த்தமானியில். வடக்கில் 5,941 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் மட்டும் 3,669. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. துரத்தி முப்பத்தைந்து வருடம், திரும்பி வர மூன்று மாதம்! காணி உறுதி எரிந்தவன், உறுதியோடு கனடா போனவன், உறுதியை வைத்துக்கொண்டே செத்தவன் எல்லோரும் வரிசையில் வரட்டும். அந்த வர்த்தமானியை உயர் நீதிமன்றம் இடைநிறுத்திய பிறகுதான் அரசுக்கு ஞானம் வந்தது. ஞானத்துக்கும் வழக்குப் போடவேண்டிய நாடு.

2025 ஏப்ரலில், வயாவிளானுக்கு வடக்கே பூட்டிக் கிடந்த பலாலி வீதியைத் திறந்தார்கள். நிபந்தனையோடுதான். காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை. நடக்கக் கூடாது. வாகனத்தை நிறுத்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. உறைந்த அருவியில் தொங்குகிறவன் செல்பி எடுக்கலாம். பிறந்த வளவின் முன்னால் இறங்கி ஒரு படம் எடுத்தால் நாட்டின் பாதுகாப்பு கவிழ்ந்துவிடும். பெருமூச்சு விடுவதைத் தடை செய்யவில்லை. மறந்திருப்பார்கள்.

காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே உல்லாச விடுதி நடத்துகிறது. காசு கட்டினால் அறை. கடல் பார்த்துப் படுத்து எழும்பலாம். கடனட்டைக்குத் திறக்கிற கதவு, காணி உறுதிக்குத் திறப்பதில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு மருமகன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். பனிமலைக்குப் போகிற உசார்.

"மோட்டார்சைக்கிள் இருக்குத்தானே மாமா. இப்பவே ஒருக்கா அந்த ரோட்டால போய்ப் பாத்திட்டு வருவமே?"

கடைச் சுவர் மணிக்கூட்டைக் காட்டினேன். ஐந்தேகால்.